'சூது கவ்வும்' சிலருக்கு கல்ட், சிலருக்கு கடுப்பு... ஒரே படத்துக்கு ரெண்டு தீர்ப்பு ஏன்?

'சூது கவ்வும்' டிவியில் ஓடினால் ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டு உட்காருபவர்கள் ஒரு பக்கம். "இதுல எங்கப்பா சிரிக்கணும்?" என்று பாதியிலேயே சேனலை மாற்றுபவர்கள் இன்னொரு பக்கம். பல வீடுகளில் இந்த ரெண்டு தரப்பும் ஒரே சோபாவில்தான் உட்கார்ந்திருக்கும்.

படம் ஹிட். அதில் சந்தேகமில்லை. ஆனால் ஹிட்டான படம் எல்லோருக்கும் பிடித்த படம் என்று அர்த்தமில்லை. வந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆகியும் இந்தப் படம் பற்றிய சண்டை ஓயவில்லை. 2024 டிசம்பரில் இதன் இரண்டாம் பாகம் வந்தபோது பழைய படத்தைத் தூக்கிப் பிடித்தவர்களும், "முதல் பாகமே ஓவர் ரேட்டட்தான்" என்றவர்களும் மறுபடி மோதிக்கொண்டார்கள்.

ஒரு சின்ன பட்ஜெட் க்ரைம் காமெடி ஏன் ரசிகர்களை இப்படி ரெண்டாகப் பிரிக்கிறது? விஷயம் ரசனை வித்தியாசத்தோடு முடிவதில்லை.

முதலில் படம் வந்த கதை

2013 மே 1-ம் தேதி ரிலீஸ். அதே நாளில்தான் சிவகார்த்திகேயனின் 'எதிர்நீச்சல்' படமும் வந்தது. 'சூது கவ்வும்' இயக்குநர் நலன் குமரசாமிக்கு இதுதான் முதல் படம். கலைஞர் டிவியின் 'நாளைய இயக்குநர்' நிகழ்ச்சியில் குறும்படங்கள் எடுத்து வந்தவர். கார்த்திக் சுப்பராஜ், பாலாஜி மோகன், அல்போன்ஸ் புத்திரன் எல்லாம் அதே செட்தான்.

தயாரிப்பு சி.வி.குமாரின் திருக்குமரன் என்டர்டெயின்மென்ட். 'அட்டகத்தி', 'பீட்சா' என்று 2012-ல் புது இயக்குநர்களை வைத்து அடுத்தடுத்து படம் கொடுத்த கம்பெனி. ஹீரோ விஜய் சேதுபதி அப்போது 'தென்மேற்குப் பருவக்காற்று', 'பீட்சா', 'நடுவுல கொஞ்சம் பக்கத்த காணோம்' என்று மேலே வந்துகொண்டிருந்த நடிகர். இன்றைய 'மக்கள் செல்வன்' மார்க்கெட் அன்று கிடையாது. பாபி சிம்ஹா, அசோக் செல்வன், ரமேஷ் திலக், கருணாகரன் எல்லாருமே அப்போது பலருக்குப் புது முகங்கள்.

'இண்டிபெண்டன்ட் படம்' என்று இதைச் சொல்லலாமா என்று கேட்டால், ஓரளவுக்குத்தான். படத்தை வெளியிட்டது ஸ்டுடியோ கிரீன். அதாவது, சின்ன காசில் ஸ்டார் இல்லாமல் எடுத்த படம், பெரிய கையைப் பிடித்து தியேட்டருக்கு வந்தது. தமிழில் இண்டிபெண்டன்ட் என்று நாம் சொல்லும் பல படங்களின் நிலைமை இதுதான்.

கதை என்ன? (ஸ்பாய்லர் என்று கோபிக்க வேண்டாம், இவ்வளவு வருஷம் ஆச்சு)

தாஸ் ஆள் கடத்துவதைத் தொழிலாகச் செய்பவர். தலையும் தாடியும் நரைத்த, லேசாகத் தொப்பை விழுந்த ஆள். தொழிலுக்கு ஐந்து விதிகள் வைத்திருக்கிறார். அதிகாரத்தில் இருப்பவர்கள் மீது கை வைக்கக் கூடாது என்பது அதில் முக்கியமானது. குடும்பத்தால் உடனே புரட்ட முடிகிற சின்னத் தொகைதான் கேட்பார். அவருக்கு ஷாலு என்று ஒரு காதலி. அவரைத் தவிர யார் கண்ணுக்கும் தெரியாத காதலி.

இவரோடு மூன்று இளைஞர்கள் சேர்கிறார்கள். நயன்தாராவுக்குக் கோயில் கட்டி ஊரைப் பகைத்துக்கொண்டு சென்னைக்கு வந்தவர் ஒருவர். நட்சத்திர ஹோட்டலில் கார் எடுத்து விடும் வேலையில் இருந்து, கஸ்டமர் காரை ஓட்டிப் பார்க்கும் ஆசையில் வேலையை இழந்தவர் இன்னொருவர். ஐடி வேலை போனவர் மூன்றாமவர்.

இந்த கேங், விதியை மீறி ஒரு அமைச்சரின் மகனைக் கடத்துகிறது. அமைச்சர் ஞானோதயம் (எம்.எஸ்.பாஸ்கர்) லஞ்சம் வாங்காத, கட்சிக்காரர்களுக்கே தலைவலியான நேர்மையாளர். மகன் அருமைப்பிரகாசம் (கருணாகரன்) அப்படியே நேர் எதிர். அப்பாவிடமிருந்து பணம் பறிக்க தன்னைத் தானே கடத்திக்கொள்ளும் பிளானில் ஏற்கெனவே இருக்கிறார். கடத்தியவர்களும் கடத்தப்பட்டவரும் பார்ட்னர் ஆகிவிடுகிறார்கள்.

முடிவில் யார் தோற்கிறார்கள்? நேர்மையான அப்பா. கட்சிக்குச் சம்பாதித்துக் கொடுக்காத அமைச்சர் முதல்வருக்கு வேண்டாம், பிழைக்கத் தெரிந்த மகன்தான் வேண்டும். அரசியல் வாய்ப்பு மகனுக்குப் போகிறது.

சண்டையின் மையம் இந்த முடிவுதான்.

டைட்டிலிலேயே இருக்கும் குசும்பு

'சூது கவ்வும்' என்பது பாரதியாரின் 'பாஞ்சாலி சபத'த்தில் வரும் சொற்கள். பள்ளிக்கூடத்தில் தமிழ் படித்த எல்லோருக்கும் மீதியும் தெரியும். தருமத்தைச் சூழ்ச்சி தற்காலிகமாகப் பிடித்துக்கொள்ளும், ஆனால் கடைசியில் தருமமே வெல்லும் என்பதுதான் பாரதி சொல்வது. நம் பட்டிமன்ற மேடைகளில் தேய்ந்துபோகும் அளவுக்குச் சொல்லப்பட்ட கருத்து அது.

நலன் செய்தது, முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டது. ரெண்டாவது பாதி டைட்டிலிலும் இல்லை, படத்திலும் இல்லை.

பிடித்தவர்கள் சிரித்தது இந்த இல்லாமைக்குத்தான். பிடிக்காதவர்கள் கடுப்பானதும் இதே இல்லாமைக்குத்தான். தியேட்டரில் உட்கார்ந்திருக்கும்போது யாரும் பாரதியை நினைத்திருக்க மாட்டார்கள். ஆனால் "சரி, கடைசியில எப்படியும் நல்லவன் ஜெயிப்பான்" என்ற எதிர்பார்ப்பு நம் எல்லோருக்குள்ளும் ஓடிக்கொண்டேதான் இருக்கும். அந்தக் கணக்கைப் படம் தீர்க்காமலே விட்டுவிடுகிறது.

பழைய காமெடிகளைப் பார்த்தால் வித்தியாசம் புரியும். 1972-ல் வந்த சித்ராலயா கோபுவின் 'காசேதான் கடவுளடா' படமும் பணம் திருடும் கதைதான். வீட்டில் இருக்கும் பணத்தை அடிக்க பசங்க பிளான் போடுவார்கள், அதற்கு தேங்காய் சீனிவாசன் போலிச் சாமியார் வேஷம் கட்டுவார். ஆனால் திருட்டு குடும்பத்துக்குள்ளேயே நடந்து, குடும்பத்துக்குள்ளேயே முடியும். படம் முடியும்போது எல்லாம் அதனதன் இடத்துக்குத் திரும்பிவிடும். (இதன் ரீமேக்கில் 2023-ல் நடித்த மிர்ச்சி சிவாதான், அடுத்த வருஷம் 'சூது கவ்வும் 2' ஹீரோவும்.)

அப்போ திருடன் ஜெயிப்பதுதான் பிரச்னையா?

இல்லை. 2011-ல் வந்த 'மங்காத்தா'வை எடுத்துக்கொள்ளுங்கள். சஸ்பெண்ட் ஆன போலீஸ் அதிகாரி 500 கோடி ரூபாய் கிரிக்கெட் சூதாட்டப் பணத்தைத் திருடுகிறார், கூட இருந்தவர்களையே ஏமாற்றுகிறார், கடைசியில் சிரித்துக்கொண்டே தப்பிக்கிறார். தியேட்டரில் விசில்தான் பறந்தது. ஒழுக்கம் கெட்டுப்போகிறது என்று குடும்பங்கள் எழுந்து போகவில்லை. ஏன்னா திருடியது அஜித்.

ஸ்டார் செய்தால் அது ஸ்டைல். நாம் ஜெயிப்பது திருடன் என்று பார்ப்பதில்லை, 'நம்ம ஆள்' என்று பார்க்கிறோம். 'சூது கவ்வும்' படத்தில் அப்படி ஒட்டிக்கொள்ள யாருமே இல்லை. தாஸ் பைத்தியமா, கெட்டிக்காரனா என்றே தெளிவாகத் தெரியாது. கேங்கில் இருப்பவர்கள் சோம்பேறிகள். ஜெயிக்கும் மகன் பார்க்கவே எரிச்சல் வருகிற ஆள். ஒரே நல்லவரான அமைச்சரையோ படம் கிண்டல் பண்ணிக்கொண்டே இருக்கிறது. "யாரைப் பிடிச்சுக்கிட்டுப் படம் பாக்குறது?" என்று கேட்பவர்களின் கேள்வியில் நியாயம் இருக்கிறது.

படத்தை ரசித்தவர்களின் பதிலிலும் நியாயம் இருக்கிறது. இந்தப் படம் நேர்மையைக் கிண்டல் பண்ணவில்லை, நேர்மைக்கு நம் ஊரில் கிடைக்கும் மரியாதையைத்தான் கிண்டல் பண்ணுகிறது என்பார்கள். அமைச்சர் தோற்கும்போது அவரைத் தோற்கடிப்பது கடத்தல் கேங் இல்லை, அவருடைய சொந்தக் கட்சி. கவனித்துப் பார்த்தால் இந்த வாதம்தான் படத்துக்கு நெருக்கமானது. ஆனால், கவனித்துப் பார்த்தால்தான். ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டு சிரிக்க உட்கார்ந்தவரிடம் அதை எதிர்பார்க்க முடியுமா என்பது வேறு கேள்வி.

'ஜோக்' எங்கே வருகிறது என்றே தெரியாத ஜோக்

நமக்குக் காமெடி என்றால் ஒரு பழக்கம் இருக்கிறது. கவுண்டமணி - செந்தில் காலத்திலிருந்து வடிவேலு, விவேக் வரை காமெடி ஒரு தனி டிராக்காகவே வந்தது. காமெடியன் வந்தாலே இது சிரிக்க வேண்டிய இடம் என்று தெரியும். முகம் சொல்லும், குரல் சொல்லும், பின்னணி இசையும் எடுத்துக் கொடுக்கும்.

'சூது கவ்வும்' மாதிரிப் படங்களில் யாரும் அந்த சிக்னலைக் கொடுப்பதில்லை. பாத்திரங்கள் எல்லாம் ரொம்ப சீரியஸாக இருப்பார்கள். இன்ஸ்பெக்டர் பிரம்மா (யோக் ஜேபி) வரும்போது ஒரு பக்கா வில்லன் போலீஸ் வந்துவிட்டார் என்றே தோன்றும். பேச்சே இல்லாத, முறைப்பு மட்டுமே உள்ள ஆள். கடைசியில் என்கவுன்டர் பண்ணக் கூட்டிப்போன இடத்தில், இடுப்பில் சொருகிய துப்பாக்கி வெடித்து அவருக்கே பின்பக்கம் குண்டு பாய்கிறது. அத்தனை நேரம் ஏற்றி வைத்த பயம் எல்லாம் ஒரே நொடியில் புஸ்ஸாகிவிடும். அந்தப் பயத்தை நம்பியவருக்குத்தான் சிரிப்பு வெடிக்கும். ஏற்கெனவே போனைப் பார்த்துக்கொண்டு இருந்தவருக்கு 'என்னடா இது' என்றுதான் இருக்கும்.

சில ஜோக்குகளுக்கு வயசும் தேவை. நயன்தாரா கோயில் விஷயம், திருச்சியில் குஷ்புவுக்குக் கோயில் கட்டிய கதை தெரிந்தவர்களுக்கு உடனே பற்றிக்கொள்ளும். அந்தக் கதை தெரியாமல் இன்று முதல் முறை ஓடிடியில் பார்க்கும் 20 வயசு ரசிகருக்கு, அது ஏதோ ஒரு லூசுத்தனம், அவ்வளவுதான்.

கூட்டமும் ஒரு காரணம். நிறைந்த ஹவுஸில் நாலு பேர் சிரித்தால் ஐந்தாவது ஆளும் சிரிப்பார். காலைக் காட்சியில் 20 பேர் சிதறி உட்கார்ந்திருக்கும்போது, இது சிரிக்க வேண்டிய சீன்தானா என்ற சந்தேகமே சிரிப்பை அடக்கிவிடும். மாஸ் படத்துக்கு இந்தப் பிரச்னை இவ்வளவு இல்லை. சிரிப்பை முகத்தில் காட்டாத படத்துக்குத்தான் அடி பலமாக விழும்.

காலம் மாறியதால் வந்த புது எதிர்ப்பு

2013-ல் பெரிதாகப் பேசப்படாத ஒரு விஷயம் இன்று அதிகம் பேசப்படுகிறது. படத்தில் பெண்கள் எங்கே?

முக்கியமான பெண் பாத்திரம் ஷாலு. அவர் ஒரு ஆணின் கற்பனை. அந்தக் கற்பனை எப்படி உடுத்தும், எப்படிப் பேசும் என்பதிலிருந்தே அது யாருடைய கற்பனை என்று தெரியும். இதை தமிழ் சினிமா ஹீரோயின்களைப் பற்றிய கிண்டல் என்று ரசிகர்கள் சொல்கிறார்கள். லாஜிக்கே இல்லாமல் ஹீரோ பக்கத்தில் வந்து நிற்கும் ஹீரோயினை, நிஜமாகவே இல்லாத ஆளாக ஆக்கிவிட்டார் இயக்குநர் என்பது அவர்கள் வாதம். ரசிக்கத்தக்க வாதம்தான்.

ஆனால் ஐடி ஊழியர் கேசவனின் கதைக்கு அந்த வாதம் உதவாது. காதலை ஏற்க மறுத்ததால், கூட வேலை பார்த்த பெண்ணால் அவருக்கு வேலை போகிறது. அதை அப்படியே ஒரு ஜோக்காகப் படம் கடந்துபோகிறது. பணியிடப் புகார்கள் பற்றி 2018-க்குப் பிறகு இங்கே நடந்த பேச்சுக்களை எல்லாம் கேட்டுவிட்டு இன்று பார்க்கும் ஒருவருக்கு அந்த இடத்தில் சிரிப்பு வராமல் போனால், அதை ரசனைக் குறைவு என்று ஒதுக்க முடியாது. படம் பழசாகியிருக்கும் இடம் இதுதான்.

அதே கதை, வேற ஆள்

இந்தப் படம் எவ்வளவு மெல்லிய கயிற்றில் நடந்தது என்பது, மற்றவர்கள் அதே கயிற்றில் ஏறியபோதுதான் தெரிந்தது. 2015-ல் தெலுங்கில் 'கட்டம் கேங்' என்று ரீமேக் ஆனது. தாஸ் வேடத்தில் சீனியர் ஹீரோ ராஜசேகர். படம் எடுபடவில்லை. ஆக்‌ஷன் ஹீரோவாகப் பார்த்துப் பழகிய முகம் வந்ததும் பார்வையாளர் ஹீரோயிசத்தை எதிர்பார்க்க ஆரம்பித்துவிடுவார். தோற்றுப்போன, குழம்பிய ஒரு மனிதனாக அவரைப் பார்ப்பது கஷ்டம்.

2024 டிசம்பர் 13-ம் தேதி வந்த 'சூது கவ்வும் 2: நாடும் நாட்டு மக்களும்' படத்தை நலன் இயக்கவில்லை, எஸ்.ஜே.அர்ஜுன் இயக்கினார். கருணாகரன், எம்.எஸ்.பாஸ்கர், ராதாரவி திரும்பி வந்தார்கள், விஜய் சேதுபதி இல்லை. விமர்சனங்கள் சாதகமாக இல்லை. முதல் படத்தில் சிரிக்கச் சொல்லாமலே சிரிக்க வைத்த விஷயங்கள், ரெண்டாவதில் 'இதோ ஜோக்' என்று கையைப் பிடித்து இழுக்கிற மாதிரி ஆனதுதான் சிக்கல்.

இதே வகையில் இன்னும் சில படங்கள் உண்டு. நவீன் தானே தயாரித்து, இயக்கி, நடித்த 'மூடர் கூடம்' 2013 செப்டம்பரில் வந்தது. ஒரு வீட்டுக்குள் திருடப் புகும் நாலு பேரின் கதை. அதில் நாய்க்குக்கூட ஃப்ளாஷ்பேக் உண்டு. அதை ரசித்தவர்கள் இன்றும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள், ரசிக்காதவர்களுக்கு அந்த இடத்திலேயே பொறுமை போனது. 2016-ல் சித்தார்த் தயாரித்து நடித்த, ஹீரோயினே இல்லாத 'ஜில் ஜங் ஜக்' படத்துக்கும் இதே மாதிரி ரெண்டு தீர்ப்புதான்.

பிரிந்த கருத்து யாரைப் பாதிக்கும்?

பெரிய ஸ்டார் படத்துக்கு 'கலவையான விமர்சனம்' என்று செய்தி வந்தாலும் முதல் மூணு நாள் டிக்கெட் ஏற்கெனவே புக் ஆகியிருக்கும். சின்னப் படத்துக்கு அந்த மெத்தை கிடையாது. வெள்ளி, சனி, ஞாயிறு மூணு நாளில் பேச்சு பரவ வேண்டும். பரவவில்லை என்றால் திங்கட்கிழமை காட்சிகள் குறையும், அடுத்த வெள்ளிக்கிழமை வேறு படம் வந்து நிற்கும். டிஜிட்டல் திரையிடலுக்கான விபிஎஃப் கட்டணமோ, உள்ளே 20 பேர் இருந்தாலும் 500 பேர் இருந்தாலும் தயாரிப்பாளர் கட்ட வேண்டியதுதான். இந்தக் கட்டணத்தை எதிர்த்துத்தான் 2018 மார்ச், ஏப்ரலில் தமிழ்த் தயாரிப்பாளர்கள் புதுப்படங்களை வெளியிடாமல் ஸ்ட்ரைக் செய்தார்கள்.

பிளாக் காமெடியைப் பற்றி நல்ல பேச்சு உருவாக நேரம் எடுக்கும். ஒருவர் பார்த்து, நண்பனை இழுத்துப்போய், அவன் சிரிக்கிறானா என்று பக்கவாட்டில் பார்த்து... இப்படித்தான் அது பரவும். மூணு நாள் போதாது. 'ஆரண்ய காண்டம்' 2011 ஜூனில் வந்தபோது தியேட்டரில் ஓடவில்லை. பிறகு இயக்குநர் தியாகராஜன் குமாரராஜாவுக்குச் சிறந்த அறிமுக இயக்குநருக்கான தேசிய விருதும், எடிட்டிங்குக்கு இன்னொரு தேசிய விருதும் வந்தன. இன்று அந்தப் படத்தைக் கொண்டாடாத சினிமா மாணவர் இல்லை. தயாரித்த எஸ்.பி.பி.சரணுக்குத் தியேட்டர் வசூலாக அந்தக் கொண்டாட்டம் திரும்பி வரவில்லை.

2013-ல் 'சூது கவ்வும்' ஒரு விஷயத்தில் அதிர்ஷ்டசாலி. இடைவேளையிலேயே மைக்கை நீட்டி 'படம் எப்படி இருக்கு ப்ரோ' என்று கேட்கும் யூடியூப் கலாசாரம் இவ்வளவு வளராத காலம் அது. சந்தோஷ் நாராயணன் இசையும், கானா பாலா பாட்டும் படத்துக்கு முன்னாலேயே ஊருக்குள் போய்ச் சேர்ந்திருந்தன.

இப்போது நிலைமை வேறு. 2024 நவம்பரில், 'கங்குவா' ரிலீஸை ஒட்டி, தியேட்டர் வளாகத்தில் முதல் நாள் ரசிகர் பேட்டி எடுப்பதை அனுமதிக்கக் கூடாது என்று தயாரிப்பாளர்கள் தரப்பு கேட்டது. முதல் மூணு நாளைக்கு விமர்சனங்களுக்குத் தடை வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றத்துக்கும் போனார்கள். டிசம்பரில், இடைக்காலத் தடை விதிக்க நீதிமன்றம் மறுத்துவிட்டது. கருத்துச் சொல்வது கருத்துச் சுதந்திரம், அதை மொத்தமாக நிறுத்த முடியாது.

தடை கேட்ட குரல் பெரிய படங்களுக்காக எழுந்தது. சின்னப் படங்களின் தேவை அதற்கு நேர் எதிர். அவர்களுக்கு விமர்சனம் சீக்கிரம் வர வேண்டும், நிறைய வர வேண்டும். அதனால்தான் இப்போது பல சின்னப் படங்கள் ரிலீஸுக்குச் சில நாள் முன்பே பிரஸ் ஷோவும் பிரீமியர் காட்சியும் போடுகின்றன. குடும்பப் படத்துக்கு இந்த வழி நன்றாகவே வேலை செய்கிறது. க்ரைம் காமெடி எடுத்தவருக்கு மட்டும் இதிலும் ஒரு சிக்கல் மிச்சம் இருக்கிறது. பிரீமியருக்கு வருபவர்கள் சினிமா தெரிந்தவர்கள், அரங்கமும் நிறைந்திருக்கும், சிரிப்பும் வரும். திங்கட்கிழமை காலைக் காட்சிக்கு வரும் அந்த 20 பேருக்கும் அது வருமா என்று பிரீமியரை வைத்துக் கணிக்க முடியாது.